மானிட்டருக்கு ஆகும் கரண்ட்: பழையதை வைத்துக்கொள்வதா, புதிது வாங்குவதா?

மானிட்டர் எத்தனை வாட் இழுக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டு ஈபி பில்லை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது? ஒரே மானிட்டர், ஒரே எட்டு மணி நேர வேலை. வடசென்னையிலேயே, கொளத்தூரில் சிக்கனமாக ஓடும் சொந்த வீட்டில் அதற்கு ஆகும் செலவும், வியாசர்பாடியில் ஹவுஸ் ஓனர் தனியாக சப்-மீட்டர் வைத்துக் காசு வாங்கும் வாடகை வீட்டில் ஆகும் செலவும் ஒன்றல்ல. இரண்டு மடங்கு, சில வீடுகளில் நான்கு மடங்கு வித்தியாசம் வரும். பழையதை மாற்றலாமா என்ற முடிவும் அதை வைத்துத்தான் மாறுகிறது.

கணக்குக்கு 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். அரசு மானியம் கழித்து நம் கையிலிருந்து போகும் விகிதம் இது. இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் 2.35 என்ற சலுகை கிடையாது, 101-லிருந்தே 4.70 போடுவார்கள். அதற்கு மேல் 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45 என்று ஏறிக்கொண்டே போகும். உங்கள் பில்லில் வேறு விகிதம் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, வருகிற சராசரியை மானிட்டருக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அது சரியாக வராது. ஃபேன், ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் மானிட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடத்தான் போகின்றன. மானிட்டரை நிறுத்தினால் குறைவது பில்லின் உச்சியில் இருக்கும் யூனிட்டுகள்தான். அதனால் உங்கள் வீடு நிற்கும் கடைசிப் படியின் விலையைப் போடுங்கள். 350 யூனிட் ஓடும் வீட்டில் 4.70, 450 ஓடும் வீட்டில் 6.30, ஏசி போட்டு வெயில் காலத்தில் 700-ஐத் தொடும் வீட்டில் 9.45.

ஐந்நூறின் ஓரத்தில் நிற்கும் வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். 495 யூனிட் ஓடினால் பில் ஏறக்குறைய 1,774 ரூபாய். 505 ஓடினால் 2,082. நடுவில் இருப்பது பத்தே யூனிட், ஆனால் அதற்கு விலை 308 ரூபாய். ஒரு 24 இஞ்ச் மானிட்டர் இரண்டு மாதத்தில் எடுத்துக்கொள்வது கிட்டத்தட்ட அந்தப் பத்து யூனிட்தான். பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பக்கம் ஏசி உள்ள நடுத்தர வீடுகளில் பாதிப் பேராவது கோடையில் இந்த ஓரத்தில்தான் நிற்பார்கள் என்பது என் ஊகம். அவர்கள் இரண்டு மாதம் முடியும்வரை காத்திருக்காமல், நடுவில் ஒருமுறை மீட்டரை எட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது வாடகை வீடு. பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் கீழே ஹவுஸ் ஓனர், மாடியில் இரண்டு மூன்று குடித்தனம், எல்லாருக்கும் ஒரே இணைப்பு என்று நிறைய வீடுகள் உண்டு. ஆளுக்கொரு சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது, பத்து ரூபாய் என்று ஒரே விலை வாங்குவார்கள். நான்கு வீட்டு யூனிட்டும் ஒரே மீட்டரில் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடுவதால் ஓனரும் அப்படித்தான் கட்ட வேண்டியிருக்கிறது. நியாயம் யார் பக்கம் என்பது தனிப் பேச்சு. குடியிருப்பவருக்கு இலவச நூறு கிடைப்பதில்லை, முதல் யூனிட்டே பத்து ரூபாய். குறைந்த சம்பளத்தில், ஒற்றை அறையில், பிள்ளையின் படிப்புக்காகப் பழைய கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருக்கும் குடும்பம்தான் யூனிட்டுக்கு அதிக விலை கொடுக்கிறது. இந்த ஒப்பீட்டை எழுதும்போது அவர்களைத்தான் முதலில் நினைத்துக்கொள்கிறேன். வாட் கணக்கு அவர்களுக்குத்தான் உண்மையிலேயே தேவை.

எது எவ்வளவு இழுக்கும்?

மானிட்டரின் பின்னால் 100–240 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று ஒட்டியிருக்கும். இரண்டையும் பெருக்கி 360 வாட் என்று பயந்துவிட வேண்டாம். அது தாங்கும் வரம்பு, சாதாரண 24 இஞ்ச் மானிட்டர் ஓடும்போது எடுப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தனி அடாப்டர் உள்ள மானிட்டரில் 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தால் 36 வாட் என்பதும் அதிகபட்சம்தான். நம்பத் தகுந்த எண் கம்பெனியின் விவரத் தாளில் இருக்கும். ஐரோப்பாவில் விற்கும் மாடல்களுக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்று லேபிளில் போட வேண்டும் என்பது 2021 மார்ச் முதல் கட்டாயம். அதே மாடல் இங்கேயும் விற்றால் அந்த எண்ணை நாமும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடுவது, அதனால் ஆயிரம் மணி நேரத்துக்கு 18 யூனிட் என்றால் 18 வாட் என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பொதுவாக 22, 24 இஞ்ச் எல்.இ.டி. மானிட்டர் 15 முதல் 25 வாட்டுக்குள் ஓடும். 27 இஞ்ச், கொஞ்சம் கூடுதல் ரெசல்யூஷன் என்றால் 25 முதல் 40. 32 இஞ்ச் 4கே என்றால் 40 முதல் 60. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய 19 இஞ்ச் எல்.சி.டி.யில் உள்ளே எல்.இ.டி. இருக்காது, மெல்லிய ஃப்ளோரசன்ட் குழாய் இருக்கும். அது 30 முதல் 45 வாட். பெட்டி மாதிரி இருக்கும் பழைய 17 இஞ்ச் சி.ஆர்.டி. மானிட்டர் 70 முதல் 90 வாட் எடுக்கும். ஒரு பழைய சீலிங் ஃபேன் இன்னொன்று ஓடுகிற அளவு.

நேரில் அளக்க வேண்டுமானால் பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் கிடைக்கிறது. அது இல்லாவிட்டாலும் வழி உண்டு. வீட்டு மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும், ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை என்பது மீட்டரின் மேலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், 20 வாட் மானிட்டர் மட்டும் ஓடும்போது ஏறக்குறைய 56 நொடிக்கு ஒருமுறை மின்னும். வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, லேப்டாப்பை பேட்டரியில் ஓடவிட்டு, மானிட்டரை மட்டும் பிளக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜையும் வைஃபை பெட்டியையும் மறந்துவிடக் கூடாது.

எந்த நிலையில் எது நல்லது?

தினம் எட்டு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 480 மணி என்று வைத்துக்கொள்வோம். 18 வாட் எடுக்கும் புது 24 இஞ்ச் மானிட்டர் எட்டே முக்கால் யூனிட்டுக்குள் நிற்கும். 4.70 படியில் 41 ரூபாய், 9.45 படியில் 82 ரூபாய், பத்து ரூபாய் சப்-மீட்டரில் 86. இரண்டு மாதத்துக்கான தொகை இது. பலரும் நினைப்பதைவிட இது குறைவு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

சி.ஆர்.டி. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். 80 வாட்டிலிருந்து 18-க்கு இறங்கினால் பில்லுக்கு 30 யூனிட் குறையும். சப்-மீட்டர் வீட்டில் 300 ரூபாய், வருடத்துக்கு 1,800. இரண்டாயிரத்து ஐந்நூறுக்குப் பழைய எல்.இ.டி. ஒன்று வாங்கினால்கூட ஒன்றரை வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். 4.70 படியில் இருந்தால் மூன்று வருடம். மேசையில் இடமும் மிச்சம்.

19 இஞ்ச் பழைய எல்.சி.டி. விஷயத்தில் நான் சொல்வது வேறு. அதை 38 வாட் என்று எடுத்துக்கொண்டால் புதியதைவிட 20 வாட் கூடுதல், அதாவது பில்லுக்கு ஒன்பதரை யூனிட். 4.70 படியில் இது 45 ரூபாய், வருடத்துக்கு 270. எட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய புது மானிட்டர் கரண்ட் மிச்சத்தில் தன் விலையைத் திருப்பித் தர முப்பது வருடம் ஆகும். பத்து ரூபாய் சப்-மீட்டரிலும் பதினான்கு வருடம். மானிட்டரே அத்தனை காலம் ஓடாது. எழுத்து மங்கி, கண் வலிக்கிறது என்றால் மாற்றுங்கள், அது போதுமான காரணம். "கரண்ட் மிச்சம்" என்று கடையில் சொல்வதை மட்டும் நம்பி மாற்ற வேண்டாம். ஐந்நூறின் ஓரத்தில் நிற்கும் வீடு ஒன்றுதான் இதற்கு விதிவிலக்கு. அங்கேகூட அந்தப் பத்து யூனிட்டை வேறு இடத்தில், செலவில்லாமல் குறைக்க முடியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

24-க்கும் 27-க்கும் நடுவில் தடுமாறுகிறவர்களுக்கு வித்தியாசம் 15 வாட் அளவு, பில்லுக்கு ஏழு யூனிட். 4.70 படியில் 34 ரூபாய். நாள் முழுக்க எக்செலிலும் கோடிங்கிலும் உட்காருகிறவர் இதற்காகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டியதில்லை, 27 வாங்கலாம். 32 இஞ்ச் 4கே கதை வேறு. புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் பேனல் வழியாக வெளிச்சம் குறைவாகத்தான் கடக்கும், அதை ஈடுகட்டப் பின்னால் உள்ள விளக்கு கூடுதலாக எரிய வேண்டும். 24-ஐவிட 15 யூனிட் அதிகம், 9.45 படியில் 145 ரூபாய். வீடியோ எடிட்டிங், டிசைன் வேலைக்குத் தேவைப்படும். மற்றவர்களுக்கு ஏன் என்று தெரியவில்லை.

32 இஞ்ச் டி.வி.யையே மானிட்டராகப் போடலாமே என்று கேட்பார்கள். அதுவும் 40, 50 வாட் எடுக்கும். விலை குறைந்த மாடல்களில் பல 1366-க்கு 768 ரெசல்யூஷன்தான். அவ்வளவு பெரிய திரையில் அந்த அளவு புள்ளி போதாது, பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் எழுத்து உடைந்து தெரியும். கரண்டிலும் லாபமில்லை, கண்ணுக்கும் நல்லதில்லை.

லேப்டாப்பின் சொந்தத் திரை மட்டும் போதும் என்றால் மலிவு அதுதான். அந்தத் திரை நாலைந்து வாட்டுக்கு மேல் எடுக்காது, பில்லுக்கு இரண்டரை யூனிட். ஆனால் எட்டு மணி நேரம் குனிந்தபடியே வேலை செய்தால் கழுத்து கேட்கும். முப்பது ரூபாய்க்காக அந்த வலியை வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அதைவிட, மேசைக்கடியில் இருக்கும் சி.பி.யூ. பெட்டியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 40 முதல் 60 வாட் எடுக்கும். கம்ப்யூட்டரையே மாற்றும் எண்ணம் இருந்தால் லேப்டாப்பும் 24 இஞ்ச் மானிட்டரும் சேர்த்து வைப்பதுதான் என் தேர்வு. இரண்டும் சேர்ந்தே பழைய பெட்டி தனியாக எடுப்பதைவிடக் குறைவாக ஓடும்.

காசு செலவில்லாமல் குறைவது

உள்ளே இருப்பது எல்.இ.டி. விளக்கானாலும் குழாய் விளக்கானாலும், எல்.சி.டி. மானிட்டரில் கரண்டின் பெரும்பகுதி பின்னால் எரியும் விளக்குக்குத்தான் போகிறது. கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக முழு பிரைட்னஸில் வைத்தே பல மானிட்டர்கள் வருகின்றன. நம் வீட்டு ஹாலில் ஒரு டியூப்லைட் வெளிச்சத்துக்கு நாற்பது, ஐம்பது சதவீதம் தாராளம். அப்படி இறக்கினால் மூன்றில் ஒரு பங்கு வாட் குறையும், கண்ணுக்கும் இதமாக இருக்கும். பட்டனைத் தேடிப்பிடித்து இரண்டு நிமிடம் செய்கிற வேலை. டார்க் மோட் போட்டால் மிச்சம் என்பது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓ.எல்.இ.டி. திரைக்குப் பொருந்தும். சாதாரண எல்.சி.டி.யில் கறுப்பு காட்டினாலும் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

ஸ்டேண்ட்பையில் போகும் கரண்டைப் பற்றி வீணாகக் கவலைப்படுகிறோம். இப்போதைய மானிட்டர் அந்த நிலையில் அரை வாட்டுக்கு மேல் எடுப்பதில்லை, பில்லுக்கு அரை யூனிட்கூட வராது. உண்மையான விரயம், திரை அணையாமல் ராத்திரி முழுக்க எரிவதுதான். ஸ்கிரீன் சேவர் ஓடினால் விளக்கும் எரிகிறது என்று அர்த்தம். வேலை முடிந்த பிறகு மிச்சம் 16 மணி நேரமும் திரை எரிந்தால் பில்லுக்கு 17 யூனிட், வேலை செய்ததற்கு ஆனதைப்போல் இரண்டு மடங்கு. ஐந்து நிமிடத்தில் திரை தானாக அணையும்படி செட்டிங்கில் வைத்துவிட்டால், மேலே சொன்ன ஐந்நூறு யூனிட் ஓரத்துப் பத்து யூனிட் பல வீடுகளில் இங்கேயே கிடைத்துவிடும். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள், மீட்டிங் இல்லாத நேரத்தில் இரண்டாவதை அணைத்துவிடலாம்.

கரண்ட் போனால்

வடசென்னையில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு பில்லைவிட இதுதான் பெரிய கவலை. பராமரிப்புக்கு என்று காலையில் நிறுத்தினால் மதியம்வரை ஆகும், மழைக்காலத்தில் தண்ணீர் நின்றால் கேட்கவே வேண்டாம். 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரியில், இழப்பெல்லாம் போக, பேட்டரியைக் கெடுக்காமல் ஏறக்குறைய ஆயிரம் வாட்-மணி எடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன், ஒரு லைட், வைஃபை, லேப்டாப் எல்லாம் சேர்ந்து 135 வாட் என்றால் ஏழரை மணி நேரம் தாங்கும். 20 வாட் மானிட்டர் சேர்ந்தால் ஆறரை மணிக்குக் குறையும். 50 வாட் 4கே மானிட்டர் சேர்ந்தால் ஐந்தரைக்கு வந்துவிடும். இந்த இரண்டு மானிட்டருக்கும் 4.70 படியில் பில்லில் எழுபது ரூபாயாகத் தெரியும் வித்தியாசம் இங்கே ஒரு மணி நேர வேலையாகத் தெரிகிறது. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் பெரிய திரை வாங்கும்முன் இதை யோசிக்க வேண்டும்.

அதே பணத்தை வேறு எங்கே போடலாம்?

கரண்டைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் மேசையை விட்டுத் தலையை நிமிர்த்தி ஃபேனைப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக எடுக்கும் புதுவகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். சென்னையில் ஃபேன் ஓடாத மாதம் ஏது? தினம் 15 மணி நேரம் என்றால் ஒரு ஃபேனுக்கே பில்லுக்கு 40 யூனிட் குறையும். 4.70 படியில் 190 ரூபாய், பத்து ரூபாய் சப்-மீட்டரில் 400. ஃபேன் மூவாயிரம் என்றால் சப்-மீட்டர் வீட்டில் ஒன்றேகால் வருடத்தில் பணம் திரும்பிவிடும். வீடு காலி செய்யும்போது பழையதை மாட்டிவிட்டுப் புதியதைக் கழற்றிக்கொண்டு போகலாம். மேலே சொன்ன இன்வெர்ட்டர் கணக்கிலும் 45 வாட் விடுபடுவதால், பெரிய மானிட்டருக்கே இடம் கிடைத்துவிடும். எட்டாயிரம் கையில் இருந்து, மானிட்டரும் ஓடிக்கொண்டிருந்தால், நான் இரண்டு ஃபேன்தான் மாற்றுவேன்.

காசு ஒருபுறம் இருக்கட்டும். இந்த யூனிட்டுகளைச் சேமிக்க வேண்டும் என்று நம் பகுதிக்காரர்களிடம் சொல்ல வேறு காரணமும் உண்டு. அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்களில் எரிவது நிலக்கரி. ஒரு யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 700 கிராம் எரிய வேண்டும். அந்தச் சாம்பல் எண்ணூர் கழிமுகத்தில் படிந்து, அங்கே வலை போடுகிறவர்களின் பிழைப்பை எத்தனையோ வருடமாகக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. சென்னையின் மற்ற பகுதிகளுக்கு கரண்ட் சுவரில் உள்ள பிளக்கில் இருந்து வருகிறது, நமக்கு அது பக்கத்து ஊரின் புகைபோக்கியில் இருந்து வருகிறது. அதற்காக ஓடுகிற மானிட்டரைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குவதும் சரியல்ல. புதியதைச் செய்யவும் கரண்ட் ஆகிறது, பழையது குப்பையாகிறது. முதலில் பிரைட்னஸ், திரை அணையும் நேரம், பிறகு ஃபேன். இந்த வரிசையில் போனால் இரண்டு நோக்கமும் நிறைவேறும்.

பழைய எல்.இ.டி. வாங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிட்சி ஸ்ட்ரீட் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பின்னால் உள்ள ஸ்டிக்கரில் தயாரித்த வருடத்தைப் பாருங்கள். ரொம்பப் பழையதாக இருந்தால் உள்ளே குழாய் விளக்காக இருக்கலாம், "எல்.சி.டி., எல்.இ.டி. எல்லாம் ஒன்றுதாம்பா" என்று கடைக்காரர் சொன்னாலும் மாடல் எண்ணை ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டே வாங்குங்கள். கடையிலேயே அரை பிரைட்னஸில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதில் மங்கலாகத் தெரிந்தால் வீட்டில் எப்போதும் முழு வெளிச்சத்தில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். மாற்றிய சி.ஆர்.டி.யைத் தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட வேண்டாம். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, குழாய் விளக்கு எல்.சி.டி.யில் பாதரசம் இருக்கிறது. செம்புக்காக அதை உடைப்பவர் பெரும்பாலும் நம் தெருவிலேயே, கையுறைகூட இல்லாமல் உட்கார்ந்திருப்பார். பதிவு பெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடமோ, எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ளும் கடையிலோ கொடுத்துவிடுங்கள்.